தாத்தாவின் எஸ்டேட் ஜீப்பில் தரை இற்றுவிட்டது: பாடியைக் காப்பாற்றலாமா, மாற்றிவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். ஏற்காட்டில் உங்கள் தாத்தாவின் காப்பித் தோட்டத்தில் ஓடிய 1992 மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஜீப். அவர் போன பிறகு எட்டு வருடமாக ஷெட்டிலேயே நிற்கிறது. பேட்டரி மாற்றி, டீசல் லைனைச் சுத்தம் செய்து எஞ்சினைக் கிளப்பிவிட்டீர்கள். ஆனால் டிரைவர் பக்கம் கால்மிதியைத் தூக்கினால் மண் தரை தெரிகிறது. பின்னால் மூட்டை ஏற்றும் தொட்டியின் மூலைகளில் விரல் நுழைகிறது. சேலத்தில் ஒரு பட்டறைக்காரர் “மேலே செக்கர் பிளேட் அடிச்சு, பட்டி பார்த்து, மிலிட்டரி பச்சை அடிச்சா புது வண்டி” என்கிறார். (செக்கர் பிளேட் என்பது வழுக்காமலிருக்க மேடு வைத்த தகடு; பட்டி, பெயிண்டுக்கு முன் பள்ளம் நிரப்பும் பசை.) இன்னொருவர், இதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புது பாடி வாங்கி மாட்டச் சொல்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: டெயில் கேட்டின், அதாவது பின்கதவின், உள்பக்கம் தாத்தா ஆணியால் கீறிவைத்த மூட்டைக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது என்று. எனக்கு அதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எவ்வளவு வெட்டி எடுத்தால் வண்டி பாதுகாப்பாக ஓடும், எவ்வளவு மிச்சம் வைத்தால் அது இன்னும் தாத்தாவின் வண்டியாக இருக்கும்?

நான் ஐ.டி.ஐ.யில் தகட்டு வேலை படித்துவிட்டு, சேலத்தில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக டிங்கரிங் பார்த்தவன். மலையிலிருந்து இறங்கி வரும் எஸ்டேட் ஜீப்புகள்தான் பட்டறையில் பாதி. எஞ்சின், கியர் பாக்ஸ் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு வேறு ஆள் வேண்டும். தகடு, வெல்டிங், பெயிண்ட் மூன்றும் என் கைக்குள் இருந்தவை. வண்டியை நேரில் பார்க்காமல் சொல்வதால், எதை அடித்துச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்று பிரித்தே எழுதுகிறேன்.

அடித்துச் சொல்வதில் முதலாவது: நீங்கள் மேலிருந்து பார்க்கும் ஓட்டையை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. முடிவு வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஜீப்பின் பாடி ஒரு தொட்டி. அது ஏணி போன்ற சேஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், மேல் ரப்பர் பேக்கிங் வைத்து போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. தொட்டியின் தரைக்கு அடியில், தொப்பியைக் கவிழ்த்த வடிவத்தில் மடித்த குறுக்குச் சட்டங்கள் ஓடும். தரைத் தகடு போனால் தகடுதான் போயிற்று. அந்தச் சட்டங்களும், போல்ட் உட்காரும் இடங்களும் போயிருந்தால் தொட்டி தன் எடையையே தாங்காது. இந்தச் சட்டங்களுக்குள் போன சேறு வெளியே வர வழியில்லை. உள்ளேயே ஈரமாக இருந்து, வெளியே பெயிண்ட் நன்றாகத் தெரியும்போதே உள்ளிருந்து தின்றுவிடும். வண்டியை நான்கு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காமல், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஒரு ஜாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். பலாப்பழம் தட்டிப் பார்க்கத் தெரிந்த ஊர்க்காரர் நீங்கள், கஷ்டமில்லை. நல்ல இரும்பு ‘டங்’ என்று திருப்பிப் பேசும். இற்றது ‘தொப்’ என்று விழுங்கிக்கொள்ளும். தொப் என்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் சாக்பீஸில் வட்டம் போடுங்கள். கடைசியில் வட்டங்களை ஒரு போட்டோ எடுத்தால், அதுதான் உங்கள் எஸ்டிமேட்.

சேஸில் மேலாக மண்ணிறத் துரு இருப்பது எல்லா ஜீப்பிலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஸ்பிரிங் மாட்டும் இடம், பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், இந்த மூன்றிலும் துரு பரோட்டா போல அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தாலோ, கோடு போல வெடிப்பு தெரிந்தாலோ பாடி வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதலில் சேஸ், அடுத்தது பிரேக். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பளபளவென்று பெயிண்ட் அடித்த வண்டி அவற்றில் தானாக நின்றுவிடாது.

உங்கள் வண்டி ஏன் இவ்வளவு மோசமாகப் போனது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தெரியாமல் மேலே என்ன பூசினாலும் திரும்ப வரும். மழையும் பனிமூட்டமும் ஒரு காரணம்தான். காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே மூடாத இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். ஏற்காட்டில் வருடத்தில் பாதி நாள் அதற்கு மேல்தான். ஆனால் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஜீப்பும் அதே பனியில்தான் நிற்கிறது, அது இவ்வளவு அரிப்பதில்லை. எஸ்டேட் ஜீப்பின் பின்தொட்டியில் ஏறுவது பொட்டாஷ் மூட்டை. அது ஒரு வகை உப்பு, வேதியியலில் பொட்டாசியம் குளோரைடு. சிந்தியது தகட்டின் மடிப்புக்குள் இறங்கி, காற்றின் ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோரத்து வண்டிக்கு வரும் வியாதி மலை மேல் வருவது இப்படித்தான்.

இன்னொன்று மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். காப்பிச் செடிக்கு வரும் இலைத்துரு நோய்க்கு போர்டோ கலவை அடிப்பீர்கள் அல்லவா, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து. கலவை சரியா என்று பார்க்க தோட்டத்து ஆட்கள் அரிவாளை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்த அரிவாளில் நடப்பது என்ன? கரைசலில் உள்ள தாமிரம் இரும்பின் மேல் உட்கார, அந்த இடத்து இரும்பு கரைந்து வெளியேறுகிறது. இதே வேலை உங்கள் ஜீப் தரையிலும் பல வருடம் நடந்திருக்கும், டிரம்மிலிருந்து ஒவ்வொரு முறை தளும்பும்போதும். செடியின் துருவுக்கு மருந்து கொண்டுபோன வண்டிக்கு அந்த மருந்தே துருவைக் கொடுத்தது. உங்கள் தாத்தா டிரம்மை எந்த மூலையில் வைத்தார் என்பதைப் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அதே மூலையில் இருக்கும். இது ஊகம்தான், ஆனால் எனக்கு அதிகம் பொய்த்ததில்லை.

அதனால் வேலை தொடங்கும் முன் செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள். தொட்டி முழுவதையும், மடிப்புகளையும், சட்டங்களின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். பேட்டரி தட்டு இருக்கும் இடத்தை மட்டும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முதலில் கழுவுங்கள், ஆசிட் முறியட்டும். துருப்பிடித்த இரும்பைத் தண்ணீரில் கழுவச் சொல்கிறானே என்று தோன்றும். உப்பு உள்ளே இருக்க மேலே பெயிண்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் அம்மை போட்டது மாதிரி கொப்புளம் கிளம்பும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த வீக்கம்தான் பெயிண்டைத் தூக்குகிறது.

இப்போது செக்கர் பிளேட்டுக்கு வருவோம். இற்ற தரையின் மேல் புதுத் தகட்டை வைத்து ஸ்க்ரூ அடிப்பது நம்மூர் தட்டுவடை செட் மாதிரி: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஈரமான சமாச்சாரம். சாப்பிட நன்றாக இருக்கும், வண்டிக்கு ஆகாது. இரண்டு தகட்டுக்கு நடுவில் போன தண்ணீர் காயாது. மேலே இருப்பது அலுமினியமாக இருந்தால் இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு, அரிப்பு இன்னும் கூடும். அடியில் சட்டம் போய்க்கொண்டிருப்பது ஒருநாள் சீட்டோடு நீங்கள் கீழே இறங்கும் வரை தெரியாது. நல்ல தரையின் மேல், எப்போது வேண்டுமானாலும் கழற்றிக் கழுவும்படி செக்கர் பிளேட் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஓட்டையை மூட அதைப் போடாதீர்கள்.

சேலத்துக்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி: “நம்ம ஊர்லதான் ஸ்டீல் பிளான்ட் இருக்கே, எவர்சில்வர் தகட்டிலேயே தரை போட்டுட்டா துருப்பிடிக்காதே?” சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்திலிருந்து எவர்சில்வர் தகடு உருட்டுகிறது, உண்மைதான். ஆனால் சாதா இரும்புத் தொட்டியில் எவர்சில்வர் தரையை வெல்டு செய்தால், ஈரம் படும்போது எவர்சில்வர் தப்பித்துக்கொண்டு பக்கத்து இரும்பைப் பலி கொடுக்கும். தரை அப்படியே மின்னும், அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத் தொட்டியின் ஓரம் கரைந்துகொண்டே போகும். போதாததற்கு, சாதாரண 304 ரக எவர்சில்வர் சூட்டில் சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். வெல்டு செய்யும்போது தகடு அப்பளமாக நெளியும். ஜி.ஐ. தகடும் வேண்டாம் என்பேன். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டு பட்ட இடத்தில்தான் முதலில் எரிந்து போகும், நமக்கு வேண்டியதே அந்த இடத்தில்தான். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர் நடுங்கிக் காய்ச்சல் வரும். ஒரு டம்ளர் பால் குடித்தால் போதும் என்பது பட்டறைப் பேச்சு, நானும் குடித்திருக்கிறேன், காய்ச்சல் வராமல் இருந்ததில்லை. பழைய தகடு எந்த ரகமோ அதே சாதா சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு), 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர், போதும். குறுக்குச் சட்டங்களுக்கு மட்டும் 16 கேஜ்.

புது பாடி வாங்கும் யோசனையை முழுக்கத் தள்ள மாட்டேன். வடக்கே ஹரியானாவில் மண்டி டப்வாலி பக்கம் ஜீப் பாடி செய்வதே ஒரு தொழில். தொட்டி அங்கிருந்து லாரியில் இங்கே வரும். உங்கள் சாக்பீஸ் வட்டங்கள் சட்டம், போல்ட் இடங்கள், பக்கச் சுவர்களின் அடிப்பாகம் மூன்றையும் முழுக்கத் தின்றிருந்தால் புதுத் தொட்டிதான் மலிவு. பாதிக்கும் குறைவாக இருந்தால் பழையதே. நடுவில் எங்கோ இருந்தால், அங்கேதான் பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறும். நான் பார்த்தவரை புதிதாக வரும் தொட்டிகளில் போல்ட் ஓட்டைகள் நம் சேஸோடு அப்படியே பொருந்துவது அபூர்வம். விண்ட் ஷீல்டு சட்டத்தையும் பானெட்டையும் உட்கார வைக்க இங்கே மறுபடி இரண்டு நாள் வேலை இருக்கும். தகட்டின் கனத்தையும் காலிப்பரில் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். எது செய்தாலும் பாடியின் வகை ஆர்.சி.யில் இருப்பதிலிருந்து மாறக் கூடாது. சேஸில் குத்தியிருக்கும் நம்பரின் மேல் கிரைண்டர் படவே கூடாது; எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போனால் அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள், ஒரு எழுத்து தேய்ந்திருந்தாலும் அலைய வேண்டியது நீங்கள்தான். ஒரு பைசா செலவழிக்கும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். எட்டு வருடம் நின்ற வண்டிக்கு அது காலாவதியாகியிருக்க வாய்ப்பு அதிகம், 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமும் பல மடங்கு ஏறிவிட்டது.

பழைய தொட்டியையே சரிசெய்வது என்று முடிவானால், ஜீப் உங்களுக்குச் சாதகமான வண்டி. கார் மாதிரி வளைவு நெளிவு கிடையாது, எல்லாம் தட்டைத் தகடு, நேர் மடிப்பு. ஃபோல்டிங் மெஷின் வைத்திருக்கும் எந்தப் பட்டறையும் தரையையும் சட்டத்தையும் மடித்துக் கொடுக்கும். ஆனால் அதே தட்டைதான் பொல்லாதது. வளைந்த தகடு சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், தட்டைத் தகடு நெளிந்து காட்டிக்கொடுக்கும்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதை நான் அடிபட்டுக் கற்றேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு எஸ்டேட் ஜீப்பின் தரை முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டி எடுத்துவிட்டேன். சுத்தமாக வெட்டியிருக்கிறோம் என்று பெருமை வேறு. புதுத் தரையை வைத்து வெல்டு அடித்து முடித்துவிட்டு டெயில் கேட்டைத் தூக்கினால் மூடவில்லை. தரை போனதும் தொட்டியின் இரண்டு சுவரும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன, ஒரு விரல்கூட இல்லை, அரை விரல். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் ஒரு நூல்கண்டைக் கையில் கொடுத்து, மூலைக்கு மூலை பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு குறுக்கு நீளம், ஒரு குறுக்கு குட்டை. நான்கு நாள் வெல்டிங்கை இரண்டு நாளில் வெட்டினேன். அதனால் சொல்கிறேன்: தொடும் முன் தொட்டியின் குறுக்களவு இரண்டையும் எடுத்து சுவரில் எழுதிவையுங்கள். கதவு வழியில் ஒன்று, பின்வாயில் ஒன்று, சுவருக்குச் சுவர் ஆங்கிள் கம்பியைக் குறுக்காக வெல்டு வைத்து இறுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத் தரையை மட்டும் வெட்டுங்கள். டெயில் கேட்டையும் பானெட்டையும் மாட்டிக் கழற்றிப் பார்த்துக்கொண்டே போங்கள்.

வெல்டிங்குக்கு சி.ஓ.டூ மெஷின் (வாயு பாய்ச்சிக் கம்பியை உருக்கி ஒட்டுவது), 0.8 மில்லிமீட்டர் கம்பி. பழைய ஆட்கள் காஸ் வெல்டிங்கில் அற்புதமாகச் செய்வார்கள், ஆனால் சூடு அதிகம் பரவும். சாதா ஆர்க் ராடைத் தகட்டில் வைத்தால் ஓட்டைதான் விழும். விரல் நகம் அளவு ஒரு தையல், பிறகு ஒரு ஜாண் தள்ளி இன்னொன்று, எதிர்ப்பக்கம் போய் ஒன்று. கை வைத்தால் சூடு பொறுக்கும்படி ஆறிய பிறகுதான் நடுவை நிரப்ப வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முடிந்த இடத்திலெல்லாம் தகட்டின் ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் நடுவில் மறுபடி தட்டுவடை செட். தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். டீசல் டேங்கைக் கழற்றி வண்டியை விட்டே தூரம் கொண்டுபோய் வையுங்கள். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள், உள்ளே ஆவி இருக்கும். புதுத் தரையில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், பட்டறைகளில் பாதிப்பேர் இதை மறந்துவிடுவார்கள்.

வெட்டத் தேவையில்லாத, மேலாகத் துருப்பிடித்த இடங்களுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவின் மேல் பூசும் திரவம்) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது வேலை செய்யும், ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு இல்லை. ஒரு வகை பாஸ்பாரிக் ஆசிட்; இன்னொரு வகையில் டானின். டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்தது இதே விஷயம். பிடிப்பில்லாத துருவை எல்லாம் சுரண்டி எடுத்த பிறகு மிஞ்சும் மெல்லிய படலத்தை இவை கட்டிப்போடும். அடுக்குத் துருவின் மேல் பூசினால் மேல் அடுக்கு மட்டும் கறுக்கும், கீழே தின்பது தொடரும். ஆசிட் வகை போட்டால் கழுவித் துடைத்துக் காயவிட்ட பிறகே எப்பாக்சி பிரைமர், அதாவது அடிப்பூச்சு. மிஞ்சிய ஆசிட் அதைச் சரியாக இறுக விடாது. மணல் பீய்ச்சித் துரு எடுப்பது சேஸுக்கு அருமை. தொட்டிச் சுவருக்குக் கூடாது, அழுத்தம் கூடினால் தகடு வயிறு தள்ளிவிடும்.

பெயிண்ட் விஷயத்தில் சுருக்கமாக. வெறும் தகடு தெரிந்த அன்றே எப்பாக்சி பிரைமர் ஏற வேண்டும். ரெட் ஆக்சைடு அடித்து “மீதியை மழைக்கப்புறம் பார்த்துக்கலாம்” என்று வெளியே நிறுத்தாதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும். பட்டி பிரைமருக்கு மேலே, அதிகம் போனால் 2, 3 மில்லிமீட்டர். ஓட்டையை அடைக்கப் பட்டி கிடையாது. பட்டறையில் வேலை முடிந்ததும் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிச் சுவரோரம் நகர்த்துங்கள். பிடி விட்டு வழுக்கும் இடத்தில் பட்டி கனம். மேல் பெயிண்டுக்கு ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பி.யு., அதாவது பாலியூரித்தேன், நல்லது. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா வரவைக்கும். கர்ச்சீப் கட்டிக்கொண்டு உங்கள் ஷெட்டில் நீங்களே அடிக்க வேண்டாம். இடமும் காலமும் முக்கியம்: தகட்டின் சூடு பனி படியும் நிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது விதி. ஏற்காட்டில் சாயங்காலம் மூடுபனி இறங்கும்போது அது முடியாத காரியம். பிப்ரவரி, மார்ச்சில் வண்டியைச் சேலத்துக்கு இறக்குங்கள். ஏப்ரல் வெயிலில் அடித்தால் துப்பாக்கியிலிருந்து தகட்டுக்குப் போவதற்குள் பெயிண்ட் காய்ந்து சொரசொரக்கும். அப்போது காலையிலேயே, மெதுவாகக் காயும் தின்னர் போட்டு முடித்துவிட வேண்டும்.

மிலிட்டரி பச்சையை மறந்துவிடுங்கள். ராணுவ வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதியே இருக்கிறது. வேறு நிறம் என்றாலும் ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். பழைய நிறத்தையே அடித்தால் அலைச்சல் இல்லை. டேஷ் போர்டுக்குப் பின்னால் வெயில் படாத இடத்தில் அசல் நிறம் இன்னும் இருக்கும், அதைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள்.

எத்தனை வருடம் தாங்கும், எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் இங்கிருந்து கணக்குச் சொன்னால் அது பொய்யாகிவிடும். தரை, மூன்று சட்டம், இரண்டு மூலை மட்டும் என்றால் இரண்டு ஆள் பத்துப் பன்னிரண்டு நாள் வேலை. கூலியை அந்த நாள் கணக்கில் பேசுங்கள், ‘மொத்தமா இவ்வளவு’ என்று பேசினால் அவசரத்தில் பட்டி கூடும். வேலை முடிந்ததும் சட்டங்களின் உள்ளே மெழுகு வகை ஸ்ப்ரேயைக் குழாய் விட்டு அடியுங்கள், வருடா வருடம் மழைக்கு முன் ஒருமுறை. தோட்டங்களில் பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பார்கள். துருவைத் தள்ளிப்போடும், மறுக்கவில்லை, ஆனால் ரப்பர் பேக்கிங்கை ஊதவைக்கும், பிறகு அங்கே எந்தப் பெயிண்டும் ஒட்டாது.

கடைசியாக அந்த டெயில் கேட். வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும் முன் நீங்களே கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; அளவு பார்க்க வேண்டிய நாட்களில் மட்டும் நீங்களே கொண்டுபோய் மாட்டிப் பார்த்துத் திரும்ப எடுத்து வாருங்கள். வாயால் என்ன சொல்லி அனுப்பினாலும், பையன் ஒருவன் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிடுவான், அவன்மேல் தப்பில்லை, அவனுக்கு அதுதான் வேலை. வெளிப்பக்கம் மட்டும் கடைசி நாளில் கூடவே நின்று பெயிண்ட் அடித்து வாங்குங்கள். உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெல்லிசாகத் தேயுங்கள், கீறல்களுக்குள் தேங்காமல். கிளியர் கோட் அடிக்கச் சொல்வார்கள், வேண்டாம்; பழைய துருவின் மேல் அது இரண்டு வருடத்தில் உரியும், உரியும்போது கணக்கையும் கொண்டுபோகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி ஷெட் மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும் எண்ணெய் அது. தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள். சாக்பீஸ் வட்டம் போட்ட போட்டோக்களை இங்கேயே போடுங்கள், குறிப்பாகப் பின்பக்கப் போல்ட் இரண்டையும் அடியிலிருந்து எடுத்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.